கேட்கும் செவி: ஆரம்ப வகுப்புப் பிள்ளையின் பேச்சும் யாழ்ப்பாணத்து ஆசிரியப் பயிற்சியும்

ஐந்து வயது நிறைந்து பாடசாலைப் படலையைத் தாண்டும் பிள்ளை, பேசுவதற்குக் கற்றுக்கொள்ளும் பொருட்டு அங்கு வருவதில்லை. தாயோடு வாதாடவும், அம்மம்மாவிடம் கதை கேட்டு வாங்கவும், தம்பியை அதட்டவும், அயற்பிள்ளைகளோடு கிளித்தட்டுக்கு விதி வகுக்கவும், செய்த பிழைக்குத் தக்க காரணங் காட்டவும் அப்பிள்ளை ஏலவே அறிந்திருக்கின்றது. அதே பிள்ளை ஐந்தாந் தரத்தை முடிக்கும்போது, ஆசிரியர் வினவினால் ஒரு சொல்லில் விடை கூறும். வினவாதவிடத்து வாய் திறவாது. விளங்காத இடத்தில் 'விளங்கவில்லை' என்று சொல்லும் துணிவும் அதற்கு இராது. ஐந்தாண்டுக் காலத்தில் எழுத்துக் கூடியிருக்கின்றது, பேச்சுக் குறைந்திருக்கின்றது. இந்நிலை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவன்று. எனினும், பின்வாங்கிலிருக்கும் பிள்ளைகளுட் பலருக்குப் பொதுவானதென்பதை வகுப்பறைகளை அறிந்தோர் மறுக்கமாட்டார்.

இந்த இழப்புக்குப் பிள்ளையின் கூச்சத்தையும் வீட்டின் வறுமையையும் காரணமாகக் கூறுவது எளிது. ஆயின், வீட்டிற் கூசாத பிள்ளை வகுப்பில் மட்டும் ஏன் கூசுகின்றது என்னும் வினா அவ்விடையால் ஓய்வதில்லை. அவ்வினா ஆசிரியரை நோக்கித் திரும்புகின்றது. ஆசிரியரிலிருந்து அவரை உருவாக்கிய பயிற்சியை நோக்கிச் செல்கின்றது. பிள்ளையின் தொடர்பாடல் திறனை வளர்க்கவேண்டிய எதிர்கால ஆசிரியருக்குப் பேசுவதற்குப் பயிற்சி அளிக்கப்படுகின்றது. கேட்பதற்குப் பயிற்சி அளிக்கப்படுவதில்லை. யாழ்ப்பாணத்து ஆசிரியப் பயிற்சி மரபின் மையக் குறை இதுவேயென்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கின்றது.

சொல்லும் பொருளும்

இலங்கையின் தேசிய கல்வி ஆணைக்குழு 1992ஆம் ஆண்டு தனது முதலாவது அறிக்கையில் அடிப்படைத் தேர்ச்சிகள் ஐந்தினை வகுத்தபோது, தொடர்பாடலை அவற்றுள் முதலாவதாக வைத்தது. அத்தேர்ச்சி எழுத்தறிவு, எண்ணறிவு, சித்திர அறிவு எனப் பகுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட திருத்தத்தில் தகவல் தொழினுட்பத் தேர்ச்சியும் உடன் சேர்ந்தது. கேட்டலும் பேசுதலும் இப்பகுப்பிலே தனித்து நிற்கவில்லை. எழுத்தறிவு என்னுந் தலைப்பின் கீழ் அடங்கி நின்றன. ஒரு சமுதாயம் எதனை முதன்மையாக மதிக்கின்றது என்பதை அதன் வகைப்பாடுகளே காட்டிக்கொடுக்கும். செவியாலும் நாவாலும் நிகழும் செயலுக்கும் எழுத்தின் பெயரையே சூட்டும் மனப்பாங்கு இங்கு வெளிப்படுகின்றது.

இக்குறை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் அன்ட்ரூ வில்கின்சன் 1965ஆம் ஆண்டளவில், எழுத்தறிவு என்பதற்கு இணையாக வாய்மொழியறிவைக் குறிக்க ஒரு சொல்லே இல்லையெனக் கண்டு, புதுச்சொல் ஒன்றை ஆக்கிக்கொள்ள நேர்ந்தது. பத்தாண்டுகளின் பின் 1975இல் வெளிவந்த புல்லொக் குழுவின் அறிக்கை, மொழி வளர்ச்சி மொழிப்பாட ஆசிரியருக்கு மட்டும் உரிய பொறுப்பன்று, எல்லாப் பாடங்களையும் கற்பிப்போருக்கு உரியது என்று வலியுறுத்தியது. பேச்சு என்பது கற்றதை வெளியிடும் வாயில் மட்டுமன்று. கற்றல் நிகழும் களமும் அதுவே என்ற தெளிவு அக்காலத்திற் பரவலாயிற்று.

தமிழிற் 'தொடர்பாடல்' என்ற சொல்லின் அமைப்பே ஆராயத்தக்கது. உரையாடல், சொல்லாடல், கலந்துரையாடல் என்பவற்றைப் போன்று அதுவும் 'ஆடல்' என்று முடிகின்றது. ஒருவர் தனித்து நின்று உரையாடல் இயலாது. எதிரே ஒருவர் வேண்டும், அவருக்கும் முறை வரவேண்டும். ஆகவே, பிள்ளை மேடையிலேறிப் பிழையின்றிப் பேசிவிட்டது என்பது தொடர்பாடல் திறனுக்குப் போதிய சான்றாகாது. அது எவரைக் கேட்டது, கேட்டதற்கு எவ்வாறு விடையிறுத்தது, அந்த விடை எவரை மீண்டும் பேசவைத்தது என்பனவே அத்திறனின் அளவுகோல்கள்.

வினாவிடை மரபு

யாழ்ப்பாணத்துக் கல்வி மரபு வாய்மொழியைப் புறக்கணித்த மரபன்று. ஏடு தொடக்கலின்போது பச்சையரிசியிற் பிள்ளையின் விரல் பிடித்து எழுதுவிக்கும் பெரியவர், எழுத்தை உரத்து ஒலிப்பித்தே எழுதுவித்தார். திண்ணைப் பள்ளிச் சட்டம்பியாரின் முன் நின்று பாடம் ஒப்புவித்தோரே அன்றைய கற்றோர். கோயில்களில் ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடனம், எழுத்தறியாதார்க்கும் இலக்கியத்தைச் செவிவழி ஊட்டிற்று. 1847ஆம் ஆண்டு திசெம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஆறுமுகநாவலர் தொடங்கிய பிரசங்கம் தமிழ்ப் பேச்சு வரலாற்றில் ஒரு திருப்பம். மறுஆண்டில் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், அவரது பாலபாடங்களும் உரைநடையைப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்தன.

இம்மரபிற் பேசுவோர் ஒருவர், கேட்போர் பலர். பேசுவோர் உயர்ந்த இடத்தில் இருந்தார், கேட்போர் அமைந்திருந்தனர். அறிவைப் பரப்புதற்கு அக்காலத்துக்கு ஏற்ற ஒழுங்கு அது. கிறித்தவ மிசனரிமார் ஞானோபதேசத்துக்குக் கையாண்ட வினாவிடை முறையை நாவலர் சைவ வினாவிடையில் ஏற்று, எதிர்த்தரப்பின் கருவியைத் தம் சமூகத்தின் காப்புக்குப் பயன்படுத்தினார். வினாவும் அச்சில் உண்டு, விடையும் அச்சில் உண்டு. மாணாக்கன் செய்யவேண்டியது விடையைப் பிறழாது கூறுதல். சமய அறிவைச் சிதறாது காக்க அது வல்ல கருவி. ஆயின், சமய பாடத்துக்கு அமைந்த அக்கருவி காலப்போக்கில் எல்லாப் பாடங்களுக்கும் உரிய முறையாயிற்று. விடை முன்னரே தெரிந்தவரே வினவுவார். தெரியாதவர் வினவமாட்டார் என்ற விசித்திரமான வழக்கம் வகுப்பறையில் நிலைபெற்றது. வாழ்க்கையில் அறியாதவனே வினவுகின்றான். வகுப்பிலோ அறிந்தவரே வினவுகின்றார்.

'கேள்வி' என்னுஞ் சொல் இவ்விடத்து நினைக்கத்தக்கது. திருக்குறளின் நாற்பத்திரண்டாம் அதிகாரத்திற் கேள்வி என்பது செவியாற் பெறும் அறிவைக் குறிக்கின்றது. இன்றைய வழக்கில் அது வினாவைக் குறிக்கின்றது. ஒரே சொல்லில் வினவுதலும் செவிமடுத்தலும் அடங்கியிருக்க, வகுப்பறை அதனை இரண்டாகப் பிளந்து, வினவுதலை ஆசிரியர்க்கும் செவிமடுத்தலைப் பிள்ளைக்கும் பங்கிட்டுவிட்டது. நன்னூற் பொதுப்பாயிரமும் பாடங் கேட்கும் முறையை மாணாக்கர்க்கே விதிக்கின்றது. எனினும், கற்பிக்கும் இயல்பைக் கூறுமிடத்து, மாணாக்கனின் கொள்ளுந் திறனை அறிந்து கற்பிக்கவேண்டுமென்று அதே நூல் ஆசிரியர்க்கு விதிப்பதையும் மறத்தலாகாது. பிள்ளையின் பேச்சைக் கேளாத ஆசிரியர் அதன் கொள்ளுந் திறனை எவ்வழியால் அறிவார்? பவணந்தியாரின் விதியை நிறைவேற்றுதற்கும் செவி வேண்டும்.

வீட்டுமொழியும் வகுப்புமொழியும்

பிள்ளையின் வாயடைப்புக்கு முதற்காரணம் பெரும்பாலும் முதற் கிழமையிலேயே நிகழ்ந்துவிடுகின்றது. 'ஓம்' என்று விடையிறுத்த பிள்ளைக்கு 'ஆம்' என்று சொல்லும்படி கற்பிக்கப்படுகின்றது. 'உது' என்று சுட்டிய பிள்ளை 'அது' அல்லது 'இது' என்று திருத்தப்படுகின்றது. 'வந்தனான்' என்ற வினைமுற்று பிழையென்று தள்ளப்படுகின்றது.

தமிழிலக்கண மரபு அ, இ, உ எனச் சுட்டெழுத்துகள் மூன்றென்றே கொள்ளும். தமிழகப் பேச்சுவழக்கிற் பெரிதும் மறைந்த உகரச்சுட்டு யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் நாவில் இன்றும் உயிரோடிருக்கின்றது. அதிலும், 'உது' என்பது கேட்போன் அருகிலுள்ள பொருளையோ கேட்போன் அறிந்த பொருளையோ சுட்டுவது. எதிரே நிற்பவனை எண்ணாமல் அச்சொல் பிறவாது. தொடர்பாடலின் முதற்பாடத்தை அப்பிள்ளை தன் தாய்மொழியிற் பெற்றே வந்துள்ளது. அதைப் பிழையென்று திருத்தும் ஆசிரியர் இலக்கணத்துக்கும் தீங்கு செய்கின்றார். பிள்ளைக்கும் தீங்கு செய்கின்றார். நீ, நீர், நீங்கள் என்னும் மூவகை முன்னிலையும் இத்தகையதே. எவரை எவ்வாறு விளித்தல் தகும் என்ற நுட்பமான தெரிவை ஐந்து வயதுப் பிள்ளை நாள்தோறும் செய்கின்றது.

எழுத்துப் பிழைகளும் இவ்வாறே நோக்கத்தக்கன. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் வேறுபாடின்றி ஒலிக்கின்றன. சொல்வதெழுதலிற் 'பளம்' என்று எழுதும் பிள்ளை கவனமின்றி எழுதவில்லை. தன் செவிக்கு உண்மையாக எழுதியிருக்கின்றது. இதனை அறிந்த ஆசிரியர் ஒலிப்புக்கும் எழுத்துக்குமுள்ள இடைவெளியை விளக்குவார். அறியாத ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டுவார். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை நாடகங்களில் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழை ஆண்டு காட்டினார், பேராசிரியர் சு. சுசீந்திரராசா அதனை மொழியியல் நெறிநின்று ஆராய்ந்தார். அவ்வாய்வுகளின் பயன் ஆரம்ப வகுப்பு ஆசிரியரின் கைக்கு எட்டும் வகையிற் பயிற்சிப் பாடமாக விரிவுற்றிருக்கவேண்டும்.

இவ்விடயத்தில் இலக்கிய உலகம் கல்வி உலகிலும் முந்திச் சென்றுவிட்டது. 1960களின் முற்பகுதியில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில், கதைமாந்தரின் பேச்சை உள்ளவாறே எழுதுதல் 'இழிசனர் வழக்கு' என்று ஒருசாராரால் இகழப்பட்டது. முற்போக்கு எழுத்தாளரும், கைலாசபதி, சிவத்தம்பி முதலிய திறனாய்வாளரும் அவ்விகழ்ச்சியை எதிர்த்து நின்றனர். டொமினிக் ஜீவாவின் சிறுகதைகளும், செ. கணேசலிங்கன், கே. டானியல் ஆகியோரின் நாவல்களும் அவ்வழக்கை வென்றெடுத்தன. பல்கலைக்கழகப் பாடவிதானத்திலும் அவை இடம்பெற்றன. ஆயின், இலக்கியத்தில் முடிந்த வழக்கு ஆரம்ப வகுப்பறையில் இன்னும் முடியவில்லை. நாவலிற் கதைமாந்தர் பேசும்போது யதார்த்தம் எனப் பாராட்டப்படும் அதே சொல், அவர்களின் பேரப்பிள்ளை வகுப்பிற் கூறும்போது கொச்சை எனப்படுகின்றது.

இது மொழியழகு பற்றிய சிறு பிணக்கன்று. 1920களின் இறுதியில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சம ஆசனத்துக்காக எழுந்த கோரிக்கை, சாதியால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மற்றவரோடு ஒரே வாங்கில் இருக்கும் உரிமையைக் கேட்டது. அவ்வுரிமை கடும் எதிர்ப்பின் நடுவே பெறப்பட்டது. வாங்கில் இருக்க இடம் பெற்ற பிள்ளைக்கு அவ்வாங்கிலிருந்து தன் சொல்லிற் பேச இடம் உண்டா என்பது அக்கோரிக்கையின் எஞ்சிய பாதி. கரையோரக் கிராமத்துப் பிள்ளையின் சொல்லும், தோட்டவேலை செய்வார் பிள்ளையின் சொல்லும், 1990ஆம் ஆண்டு ஒற்றோபரில் வெளியேற்றப்பட்டுப் பின்னாளில் மீண்ட முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையின் சொல்லும் ஒரே வகுப்பில் ஒலிக்கும்போது, எது 'நல்ல தமிழ்' என்ற தீர்ப்பை ஆசிரியரின் முகக்குறிப்பே வழங்கிவிடுகின்றது.

எழுத்துத்தமிழைக் கற்பிக்கத் தேவையில்லை என்பது இதன் பொருளன்று. ஏழைப் பிள்ளைக்கு எழுத்துத்தமிழ் பிறரிலும் மிகுதியாகத் தேவை. விண்ணப்பமும், பரீட்சையும், பத்திரிகையும் அதிலேயே உள்ளன. வேறுபாடு வழியில் இருக்கின்றது. வீட்டுமொழியை இடித்துவிட்டு அவ்விடத்தில் எழுத்துமொழியைக் கட்டுவது ஒரு வழி. வீட்டுமொழியிலிருந்து எழுத்துமொழிக்குப் பாலம் அமைப்பது மற்றொரு வழி. பாலத்துக்கு இரு கரையும் வேண்டும்.

பயிற்சியின் குறை

யாழ்ப்பாணக் குடாநாடு ஆசிரியப் பயிற்சியில் நீண்ட மரபுடையது. கோப்பாய், பலாலி, கொழும்புத்துறை ஆகிய இடங்களின் ஆசிரிய கலாசாலைகளும், திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையும் தலைமுறை தலைமுறையாகத் தமிழாசிரியரை உருவாக்கின. 1980களின் நடுப்பகுதியில் நாடெங்கும் தொடங்கிய தேசிய கல்வியியற் கல்லூரித் திட்டம், சேவைக்கு முன்னரே பயிற்சி என்னும் நெறியை நிலைநாட்டிற்று. அத்திட்டத்தின்படி உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியோர் ஈராண்டு கல்லூரியிலும் ஓராண்டு பாடசாலையிலுமாக மூவாண்டு பயில்வர். கோப்பாயில் அமைந்த யாழ்ப்பாணத் தேசிய கல்வியியற் கல்லூரி இவ்வகையிற் குடாநாட்டுக்கு வாய்த்தது. 1999ஆம் ஆண்டு முதல் நாடளாவிய வகையில் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றையும் இணைத்து, தொடக்க வகுப்புகளில் விளையாட்டுக்கு மிகுந்த இடம் அளித்தது. கொள்கையளவிற் பிள்ளையின் பேச்சுக்கு இடம் உண்டு.

ஆனாற் பயிலும் ஆசிரியர் எத்தகைய பேச்சுச் சூழலிலிருந்து வருகின்றார் என்பதை எண்ணவேண்டும். பதின்மூன்று ஆண்டுகள் அவர் வகுப்பிற் குறிப்பெழுதியவர். உயர்தரத்துக்குத் தனியார் வகுப்புகளில் நூற்றுக்கணக்கானோருடன் ஒருங்கிருந்து ஒருவரின் குரலை மட்டும் கேட்டவர். அவர் எழுதிய தமிழ்ப் பரீட்சைகள் பேச்சை ஒருபோதும் அளந்ததில்லை. பயிற்சிக் காலத்திலும் தொடர்பாடல் பற்றிய விரிவுரையைக் குறிப்பெடுத்தே கற்கின்றார். அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர் என்ற வரைபடத்தைப் பிழையின்றி வரையவும் வல்லவராகின்றார். உரையாடலைப் பற்றி அறிந்தவராகின்றார், உரையாடப் பழகியவராகவில்லை.

கற்பித்தற் பயிற்சியின்போதும் நிலை பெரிதும் வேறன்று. மேற்பார்வைக்கு வருவோர் பொதுவாகப் பாடக்குறிப்பு, கற்பித்தற் சாதனம், கரும்பலகை எழுத்து, குரல், வகுப்பொழுங்கு ஆகியவற்றை நோக்குவர். இவை அனைத்தும் ஆசிரியரின் செயல்கள். பிள்ளை என்ன பேசியது என்ற நிரல் முதன்மை பெறுவதில்லை. அமைதியான வகுப்பு நல்ல வகுப்பு என்ற பழைய எண்ணம் புதிய படிவங்களுக்குள்ளும் நுழைந்துவிடுகின்றது.

நெட் பிளாண்டர்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1960களில் வகுப்பறை இடைவினைகளை ஆராய்ந்து ஒரு கணக்குக் கூறினார். வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேச்சாகவும், அப்பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியரின் பேச்சாகவும் இருந்தன. எஞ்சிய சிறு பங்கை முப்பது, நாற்பது பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளவேண்டும். 1974இல் மேரி பட் றோ வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. வினாவை எழுப்பிய ஆசிரியர் விடைக்காகச் சராசரி ஒரு வினாடியே காத்திருந்தார். அதனை மூன்று வினாடிக்கு மேலாக நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, பேசாதிருந்தோர் பேசினர், பிள்ளைகளே வினவவும் தொடங்கினர். இதற்குப் புதிய கட்டடமோ, கருவியோ, சுற்றறிக்கையோ தேவைப்படவில்லை. இரண்டு வினாடி மௌனமே தேவைப்பட்டது. அந்த மௌனத்தைத் தாங்குதற்கே ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். வாழைத்தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற நீர்வேலி போன்றதொரு கிராமத்தில் மூன்றாந் தர வகுப்பைக் கற்பனை செய்யலாம். ஆசிரியர் வாழைப்பழத்தைக் காட்டி, "இது என்ன நிறம்?" என்கிறார். "மஞ்சள்" என்கிறது பிள்ளை. "முழு வசனத்திற் சொல்லும்" என்கிறார் ஆசிரியர். "வாழைப்பழம் மஞ்சள் நிறமானது" என்று வகுப்பு முழுவதும் ஒருமித்து ஒலிக்கின்றது. எவரும் எவருக்கும் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அதே ஆசிரியர், "உங்கட வீட்டிலை குலையை எப்பிடிப் பழுக்க வைக்கிறவை?" என்று வினவுவாராயின், "கிடங்கு வெட்டி, குலையளை அடுக்கி, மேலை மண் போட்டு மூடிப்போட்டு, ஒரு ஓட்டையாலை புகை ஊதுறவை" என்று தோட்டக்காரரின் பிள்ளை சொல்லும். "ஏன் புகை?" என்று அடுத்த வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்கும். இங்கே அறிந்தவர் சொல்கின்றார், அறியாதவர் வினவுகின்றார். அதன் பின், பிள்ளை சொன்னதைக் கரும்பலகையில் எழுத்துத்தமிழில் எழுதி, "நீர் சொன்னதை இப்படி எழுதலாமா?" என்று அப்பிள்ளையிடமே கேட்கும்போது இரு கரைக்கும் பாலம் அமைகின்றது. முதல் வினாவிலிருந்து இரண்டாம் வினாவுக்குச் செல்வதே பயிற்சி.

வேண்டிய பயிற்சி

முதலாவதாக, பயிலும் ஆசிரியர் தமது வகுப்பைத் தாமே செவிமடுக்கவேண்டும். 1960களில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான நுண்கற்பித்தல் முறை, சிறு பாடமொன்றைப் பதிவுசெய்து மீள நோக்குதலை ஆசிரியப் பயிற்சிக்கு அறிமுகஞ் செய்தது. அன்று அதற்கு விலையுயர்ந்த ஒளிப்பதிவுக் கருவி வேண்டியிருந்தது. இன்று கைத்தொலைபேசியே போதும். பத்து நிமிடப் பாடத்தை ஒலிப்பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் எழுதி, ஆசிரியர் எத்தனை வரி, பிள்ளைகள் எத்தனை வரி, எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பார்க்கும் பயிற்சி, பத்து விரிவுரைகளிலும் பயனுடையது.

இரண்டாவதாக, பயிலும் ஆசிரியர் ஊரின் பேச்சைத் திரட்டவேண்டும். நொடிகள், விளையாட்டுப் பாடல்கள், அம்மம்மாமார் கூறும் கதைகள், மீன் சந்தையின் பேரம் ஆகியவற்றைக் கேட்டு எழுதும் குறிப்பேடு ஒவ்வொருவரிடமும் இருத்தல் நன்று. நொடி போடுதல் தொடர்பாடற் பயிற்சியின் சிறந்த வடிவம். ஒருவர் மறைப்பார், மற்றவர் வினவி அறிவார், பின்னர் முறை மாறும். பாடநூல் ஆக்குவோர் தேடும் செயற்பாடு, பிள்ளையின் முற்றத்திலேயே கிடக்கின்றது.

மூன்றாவதாக, பாட்டும் நாடகமும் பரிசுப் பொருள்களாக அன்றிப் பயில்முறைகளாகக் கொள்ளப்படவேண்டும். நவாலியூர்ச் சோமசுந்தரப்புலவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கென்று பாடிய பாடல்கள் அவர்களின் உணவையும், பண்டிகையையும், தோட்டத்தையும் பொருளாகக் கொண்டவை. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'கூடி விளையாடு பாப்பா', சி. மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' முதலியன சிறுவர் அரங்கிற்கு வழிகாட்டின. மனனஞ் செய்த வசனத்தை ஒப்புவிக்கும் மேடையாக அன்றி, பிள்ளைகள் கூடி ஆடும் களமாக நாடகத்தை அவை அணுகின. ஆயினும், பாடசாலைகளில் வாய்மொழித் திறன் பெரும்பாலும் தமிழ்த்தினப் போட்டியோடு அடையாளங் காணப்படுகின்றது. பெரியவர் எழுதிக்கொடுத்த பேச்சை ஒரு பிள்ளை ஏற்ற இறக்கத்தோடு பேசிப் பரிசு பெறும். ஏனைய முப்பத்தொன்பது பிள்ளைகளும் கைதட்டுவர். போட்டி வேண்டாமென்பதன்று, போட்டி வகுப்புக்கு ஈடாகாது.

நான்காவதாக, பேசாத பிள்ளையை அறியும் பயிற்சி வேண்டும். 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. 2009 வரை நீடித்த போர் பிள்ளைகளின் மொழியையும் காயப்படுத்திற்று. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் முதலியோர் போரின் உளப்பாதிப்பை ஆவணப்படுத்தியதோடு, அத்தகைய பிள்ளைகளை அணுகும் வழிகளில் ஆசிரியர்க்கும் பயிற்சியளித்தனர். க. சிதம்பரநாதனின் அரங்கச் செயற்பாடுகள் வாய் திறவாதோர்க்கு உடலாலும் குழுவாலும் பேச வழி கண்டன. போரை அறியாத இன்றைய பிள்ளைகளும் அதனை அறிந்த பெற்றோரின் மௌனத்துள்ளே வளர்கின்றனர். ஆகவே, கட்டுறுப் பயிற்சி ஆண்டிற் பேசாத பிள்ளை ஒன்றை ஒரு தவணைக் காலம் தொடர்ந்து நோக்கி, அது எப்போது, எவரோடு, எதைப் பற்றிப் பேசுகின்றது என்று எழுதுவது ஒவ்வொரு பயிலுநருக்கும் கட்டாயமாதல் தகும். பேசும்படி வற்புறுத்துவது அப்பயிற்சியின் நோக்கமன்று. பேச்சு வரும் வழியைக் கண்டு அதனைத் திறந்து வைப்பதே நோக்கம்.

தடைகள்

இவற்றுக்கு எதிரே கூறப்படும் தடைகள் பொய்யல்ல. நகரப் பாடசாலைகளில் வகுப்புகள் நெருக்கமானவை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை முற்றிலும் எழுத்துப் பரீட்சை. அதிற் பிள்ளையின் பேச்சுக்கு ஒரு புள்ளியும் இல்லை. வகுப்பிற் கதைக்கவிடும் ஆசிரியரைப் 'படிப்பியாமல் விளையாடுகிறார்' என்று பெற்றோர் முறையிடவுங்கூடும். பரீட்சைக்கும் பெற்றோருக்கும் இடையே அகப்பட்ட புதிய ஆசிரியர், கல்லூரியிற் கற்றதை ஓராண்டில் மறந்து, தமக்குக் கற்பித்தவரைப் போலவே கற்பிக்கத் தொடங்குகின்றார்.

ஆயினும், இத்தடைகளே பயிற்சியின் தேவையை வலியுறுத்துகின்றன. பெற்றோருக்கு விளக்கஞ் சொல்லும் ஆற்றலும் தொடர்பாடல் திறனே. அதனைப் பெறாத ஆசிரியரே பெற்றோருக்கு அஞ்சுகின்றார். தன் சொல்லிற் காரணங் கூறப் பழகிய பிள்ளை எழுத்துப் பரீட்சையில் வினாவை விளங்கிக்கொள்வதிற் பின்தங்காது. மேலும், பிள்ளைகள் குறைந்துவரும் சிறு கிராமப் பாடசாலைகளும் தீவுப் பாடசாலைகளும் மூடப்படவேண்டியவை என்றே பேசப்படுகின்றன. பதினைந்து பிள்ளைகளும் ஓராசிரியரும் வட்டமாக அமர்ந்து பேசும் வாய்ப்பு நகரத்தின் பெரும் பாடசாலைக்குக் கிட்டாதது. பயிற்சி பெற்ற ஓராசிரியர் கையில் அச்சிறுமை ஒரு செல்வம். பெற்றோர் நகரத்தை நோக்கி ஓடுவதற்குக் கட்டடங்களும் பெறுபேறுகளும் காரணமாகலாம். ஊர்ப் பாடசாலையிலே தன் பிள்ளை வாய் திறந்து பேசுகின்றது என்று கண்ட பெற்றோரோ சற்று நின்று சிந்திப்பர்.

கற்பித்தற் பயிற்சியின் இறுதி நாளில் மேற்பார்வையாளர் வகுப்பின் பின்வாங்கில் அமர்கின்றார். பாடக்குறிப்பும், படங்களும், வெண்கட்டி எழுத்தும் அவர் முன்னே இருக்கின்றன. அவற்றையெல்லாம் நோக்குமுன் அவர் தமது குறிப்பேட்டில் ஒரு வினாவை எழுதிக்கொள்வாராயின் ஆசிரியப் பயிற்சி திசை மாறும்: இன்று இந்த வகுப்பிற் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் எத்தனை? விடை சுழியமாயின், ஏனைய புள்ளிகள் எவ்வளவு உயர்ந்திருப்பினும், அந்த ஆசிரியர் மீண்டும் பயிலவேண்டும். அவரைப் பயிற்றியோரும் தம் பயிற்சியை மீளநோக்கவேண்டும்.